நான்கு பக்கங்கள்

கிங்ஸ்வே சாலையில், இறைச்சிக் கடைக்கு மேலே
ஒற்றை அறை.
கீழே எலும்பு அறுக்கும் இயந்திரம் ஓடும்போதெல்லாம்
என் தட்டச்சுப் பொறியில் வரி கோணும்.
கெனேவே பேச்சை நிறுத்துவார்.
‘அறுத்து முடியட்டும்’ என்பார்.
பிறகு விட்ட சொல்லிலிருந்தே தொடங்குவார்;
ஒருநாளும் பிசகியதில்லை.

கட்டணம் என்று வந்தவை
ஒரு மூட்டை மோஹேர்,
வங்கி திருப்பிய காசோலைகள்,
படியேற மறுத்த ஓர் ஆடு.
ஆட்டைக் கீழ்க்கடைக்காரரே பிடித்துக்கொண்டார்.
அந்த மாத வாடகை தீர்ந்தது.

அணை எழுந்த ஆண்டு
ஹா-ரமோட்சே ஊரின் மக்காச்சோளக் கொல்லைகள்
நீருக்கடியில் போயின.
நீர் மலையைக் குடைந்து, எல்லை கடந்து
அயல்நாட்டு நகரத்தின் குளியலறைகளுக்குப் போனது.
ஊர்ப் பெண்கள் வாளியோடு
கரடேறி ஊற்றுக்குப் போனார்கள்.
பதினோரு வாய்தா.
தீர்ப்பில் நீதிபதி
கெனேவேயின் வாக்கியத்தை அப்படியே எடுத்து வைத்தார்:
‘நிலத்தை மூழ்கடித்த கை
குடிக்க நீர் தரக் கடன்பட்டது.’
நான் தட்டியது. கடன்பட்டது என்ற இடத்தில்
மை கொஞ்சம் அப்பியிருக்கும்.

அப்புறம் ஒரு விசாரணைக் குழு, ஒரு சட்ட வரைவு,
விடியுமுன் ஒரு தொலைபேசி அழைப்பு.
அட்டர்னி ஜெனரல்.
மசேருவின் பத்திரிகைகளில் அவர் படம்;
மூக்குக்கண்ணாடி மட்டும் பழையது.
புது அறையில் இரண்டு கொடிகள், கனத்த கம்பளம்.
என் செருப்புச் சத்தம் எனக்கே கேட்காததால்
இருமிவிட்டு உள்ளே போகப் பழகினேன்.
என்னிடமும் ஒரு தாள் நீட்டினார்கள்:
அரசின் இரகசியம் காப்பேன்.
கையெழுத்திட்டேன்.

இப்போது ஒரே கட்சிக்காரர், அரசு.
அதற்கு முகம் கிடையாது.
ஆட்டை இழுத்துக்கொண்டு படிக்கட்டில் நிற்காது.
தோற்றால் அழாது.
வென்றால் நன்றியும் சொல்லாது.

ஏழாவது ஆண்டு அந்தக் கோப்பு வந்தது.
வாதி: ஹா-ரமோட்சே மக்கள்.
பொருள்: இன்னும் வராத குழாய்.
பத்தி பதினான்கில் அந்த வாக்கியம்,
அடிக்குறிப்பில் அவர் பெயர்.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்,
போட்டார், மறுபடி கழற்றினார்.
‘எழுதிக்கொள்ளுங்கள், மொலெஃபி.
மேற்படித் தீர்ப்பு
அந்த வழக்கின் விவரங்களுக்கு மட்டுமே பொருந்தும்.
தவிரவும், வழக்குத் தொடுக்கும் கெடு கடந்துவிட்டது.’

விசாரணை அன்று
போர்வை போர்த்தியவர்கள் இரண்டு பெஞ்சை நிறைத்தார்கள்.
ஒருத்தி எழுந்து ‘ம்மே கெனேவே’ என்று கும்பிட்டாள்,
தங்களுக்காகத்தான் வந்திருக்கிறார் என்று
நினைத்துவிட்டாள் போல.
நீதிபதி கேட்டார்:
‘இந்த வாதம் தங்களுடையதுதானே?’
‘ஆம், கனம் நீதிபதி அவர்களே.
அன்று என் கட்சிக்காரர் வேறு.’
பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.
அவர் சிரிக்கவில்லை.
கெடு என்ற ஒரே சொல்லில் அரசு வென்றது.

மாலை ஆறு. கதவைச் சாத்தச் சொன்னார்.
அமைச்சரவைக்கு ஒரு கருத்துரை, அந்தரங்கம்.
சொல்லச் சொல்லத் தட்டினேன்.
இரண்டாம் பக்கத்தின் நடுவில் நிறுத்தினார்.
கீழே எந்த இயந்திரமும் இல்லை;
தரைத்தளத்தில் பாஸ்போர்ட் அலுவலகம்,
அதையும் பூட்டிவிட்டார்கள்.
ஆனாலும் காத்திருந்தார், அறுத்து முடியட்டும் என்பதுபோல.
பிறகு விட்ட சொல்லிலிருந்தே தொடங்கினார்.

நான்கு பக்கங்கள். அவ்வளவுதான் சொல்வேன்.
எந்தச் சொல் அதிகம் வந்தது என்றாவது சொல்லலாமா என்று
என் உறுதிமொழித் தாளைத் தேடி எடுத்துப் படித்தேன்.
அதற்கும் இடமில்லை.

அடுத்த குளிர்காலத்தில் குழாய் வந்தது,
மருத்துவ நிலையம் வரைக்கும்.
ஊர் இன்னும் இரண்டு கிலோமீட்டர் மேலே.
தேர்தல் ஆண்டு, அதனால் இருக்கும் என்கிறார்கள்.
நானும் அப்படியே சொல்லிவைக்கிறேன்.